சந்தனம் பூசிய ரம்பம்

காலை ஏழரை மணி ஆனால் போதும், ஆனந்தவல்லி காலனிக்குள் ஸ்கூட்டர்களை உதைக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். உதைத்து உதைத்துக் கால் வலித்தவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்கு வருவார்கள். மந்தைவெளியில் அந்தத் தெருமுனையில் வயசான தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. மரத்துக்கு இந்தப் பக்கம் சுப்பராயனின் மெக்கானிக் கடை. கடை என்றால் ஒரு தகரப் பெட்டியும் ஒரு முக்காலியும்தான். அந்தப் பக்கம் செண்பகத்தின் இஸ்திரி வண்டி.

சுப்பராயன் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவான். அது பெட்ரோலில் ஊறிக் கறுத்துப் போயிருக்கும். ஊதித் துடைத்துவிட்டு, "அக்கா, இத்தக் கொஞ்சம் அனல்ல காட்டு" என்று நீட்டுவான். செண்பகம் இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்து, பிளக்கை இடுக்கியில் பிடித்து, கனிந்த கரியின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டுவாள்.

"ஒரு நாளைக்குப் பத்து பிளக்கு வாட்றேன். எனக்குக் கூலி இன்னா நைனா?"

"உன் மவன் வண்டி வாங்கசொல்ல ஃப்ரீயா சர்வீஸ் பண்ணித் தர்றேன், போ."

"அவன் வாங்கி, நான் பாத்து… பேச்சப் பாரு!" என்று சிரிப்பாள் செண்பகம்.

சூடேறிய பிளக்கை மாட்டி ஒரே உதை. வண்டி கிளம்பிவிடும். பன்னிரண்டு வருஷமாக இதே கதைதான். இருவரும் ஒரு வயிற்றில் பிறக்கவில்லையே தவிர, அக்கா தம்பி என்பதற்கு வேறு ஒரு குறையும் இல்லை.

இந்தக் காலனிக்கு என்று ஒரு மெஷின் ரம்பம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழையில் இந்த மரத்தின் கிளை ஒன்று முறிந்து விழுந்து, மூன்று நாள் ஒரு வண்டியும் உள்ளே வர முடியாமல் தெரு அடைத்துக் கிடந்தது. அப்போது காலனி நலச் சங்கம் கூடிப் பேசி, வசூல் செய்து, பெட்ரோலில் ஓடும் பெரிய வெளிநாட்டு ரம்பம் ஒன்றை வாங்கியது. வசூல் நோட்டு இஸ்திரி வண்டிக்கும் வந்தது.

"நீயும் மரத்தடியிலதானே நிக்கறே செண்பகம்? நாளைக்கு உன் தலைலயும் விழலாமோல்லியோ?" என்று கேட்டவர் சங்கத்தின் செயலாளர் ஸ்ரீரங்கன். மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ஸ்டோர் ரூமைக் கட்டிக் காத்து ஓய்வு பெற்றவர். செண்பகம் மறுபேச்சுப் பேசாமல் அன்றைய சம்பாத்தியத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். சுப்பராயனும் கொடுத்தான்.

ரம்பம் வந்த அன்று அதற்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். ஒரு சின்னக் கிளையை அறுத்துக் காட்டினார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். அதோடு சரி. ஸ்ரீரங்கன் அதைத் தன் வீட்டு வராந்தாவில் இருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். அடுத்த தெருவில் முருங்கை சாய்ந்தபோது கேட்டார்கள், தரவில்லை. மின்கம்பியில் உரசும் கிளையை வெட்டக் கேட்டார்கள், அதற்கும் தரவில்லை. கண்டவன் கையில் கொடுத்தால் மெஷின் கெட்டுவிடுமாம். வாங்கினது எதற்கு என்று அவரிடம் கேட்க காலனியின் இருபத்து நாலு வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சுப்பராயன் மட்டும் ஒரு தடவை போய்ச் சொன்னான். "சார், டேங்க்ல பெட்ரோல் அப்டியே கீது. பதினஞ்சு நாளைக்கு ஒருதபா ஸ்டார்ட் பண்ணி ஓட வுடணும். இல்லாங்காட்டி உள்ள பிசினாட்டம் புடிச்சிக்கும். காசு வேணாம் சார், நானே வந்து பண்றேன்."

"நீ உன் ஜோலியைப் பாருப்பா. இது ஸ்கூட்டர் இல்லே. எப்போ என்ன பண்ணணும்னு நேக்குத் தெரியும்" என்றார் ஸ்ரீரங்கன். வாசல் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் ரம்பத்துக்கு விடுதலை உண்டு, ஆயுத பூஜை அன்று. தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஆயுத பூஜைக்கும் அதைப் பலகையில் வைத்து, தலை முதல் கால் வரை சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். சுண்டல் வாங்கப் போன சுப்பராயன் பார்த்தான். காற்று போகும் இடுக்குகளில் எல்லாம் சந்தனம். பெட்ரோல் டேங்க் மூடியின் நடுவிலும் ஒரு பெரிய பொட்டு. அவனும்தான் தன் ஸ்பானருக்கும் திருப்புளிக்கும் சந்தனம் வைத்தான். ஆனால் மறுநாள் விடிந்ததும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து வேலையைத் தொடங்கிவிடுவான். இவர்கள் அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சொல்லலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. போன தடவை கிடைத்த மரியாதை போதாதா, நமக்கெதற்கு வம்பு என்று சுண்டலை மென்றுகொண்டே வந்துவிட்டான்.

அந்த ஐப்பசியில் புயல் வந்தது. தீபாவளிக்கு இன்னும் இரண்டே நாள். இரவெல்லாம் பேய்க் காற்று அடித்து, விடிகாலையில் சற்றே அடங்கியது போல இருந்தது. செண்பகத்துக்குத் தூக்கம் இல்லை. தெருமுனையில் தார்ப்பாய் போட்டு மூடிய வண்டிக்குள் காலனிக்காரர்களின் தீபாவளித் துணிகள் மூட்டை மூட்டையாக இருந்தன. நனைந்தால் யார் பதில் சொல்வது? கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, மூட்டைகளை இழுத்து மதில் ஓரமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இருந்தது ஸ்ரீரங்கனின் பட்டு வேஷ்டி மூட்டை. அதை எடுக்கக் கையை உள்ளே விட்டபோது மறுபடி ஒரு காற்று அடித்தது. தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை அடியோடு பிளந்து வண்டியின் மேல் விழுந்தது.

சத்தம் கேட்டுச் சுப்பராயன் ஓடி வந்தபோது வண்டி நொறுங்கிக் கிடந்தது. வண்டியின் பலகைக்கும் மதிலுக்கும் நடுவில் செண்பகத்தின் வலது கை நசுங்கி மாட்டியிருந்தது. அவள் தெருத்தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பளவு தண்ணீர், ஏறிக்கொண்டே இருந்தது. கிளை என்றா சொன்னேன்? ஒரு ஆள் கட்டிப் பிடித்தாலும் இரண்டு கையும் சேராத பருமன் அது.

பத்துப் பேர் தோள் கொடுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. ஒருவர் கோடாலியால் ஒரு போடு போட்டார். கிளை அதிர்ந்த அதிர்ச்சி நேராக அந்தக் கையில் இறங்கி, செண்பகம் போட்ட கூச்சலில் கோடாலி பிடித்தவரே அதைக் கீழே போட்டுவிட்டார். தீயணைப்புப் படையைக் கூப்பிட டெலிபோனில் உயிர் இல்லை. கூப்பிட்டாலும் வரத் தெரு ஏது? வழியெல்லாம் மரம்.

"அக்கா, கொஞ்சம் பொறுத்துக்க. மெஷின எடுத்தாந்துர்றேன்" என்றான் சுப்பராயன்.

"சீக்கிரம் வா நைனா. கை இருக்குதா போச்சான்னே தெரீல" என்றாள் செண்பகம். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஸ்ரீரங்கன் வராந்தாவில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது என்னவோ உண்மை. ஆனால் முப்பது வருஷ ஸ்டோர் ரூம் பழக்கம் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டது.

"சங்கத் தலைவர் கையெழுத்து இல்லாம மெஷினை வெளில எடுக்கப்படாதுன்னு தீர்மானம் இருக்கேப்பா. அவர் பெங்களூர் போயிருக்கார். அதோட இந்த மழைல நனைஞ்சா மெஷின் என்னத்துக்கு ஆகும்?"

சுப்பராயன் படியேறி அவர் முன்னால் போய் நின்றான். "இன்னா சார் பேசறே? மெஷினு நனையுமா? அங்க ஒரு பொம்பள தண்ணீல நனைஞ்சிக்கினு கீறா சார்! உன் வேட்டிய எடுக்கப் போயி மாட்டிக்கினு கீறா!"

உள்ளேயிருந்து ஸ்ரீரங்கனின் மனைவி விஜயலக்ஷ்மி வந்தாள். கையில் சாவி இருந்தது. "ஏன்னா, ஒருத்தி அங்க ஜலத்துல உக்காந்துண்டு கதறிண்டிருக்கா. உங்க தீர்மானத்தைத் தூக்கி அடுப்புல போடுங்கோ" என்று சொல்லி, அவளே பீரோவைத் திறந்தாள்.

ரம்பம் வந்தது, காய்ந்து வெடித்த சந்தனத்தோடும் வாடிப்போன பூவோடும். சுப்பராயன் வராந்தாவிலேயே அதைத் தரையில் வைத்து, காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தான். சத்தமே இல்லை. ஸ்விட்சைப் பார்த்தான், சரியாக இருந்தது. சோக்கை இழுத்துவிட்டு மறுபடி இழுத்தான். பத்து தடவை, இருபது தடவை. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது.

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தான். பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய வார்னிஷ் போல ஒரு நாற்றம். இரண்டு வருஷமாக உள்ளேயே கிடந்து ஊசிப்போன பெட்ரோல். எது நடக்கும் என்று சொன்னானோ அதுவேதான் நடந்திருந்தது. அத்தனையையும் தோட்டத்து மண்ணில் கவிழ்த்துக் கொட்டினான்.

ஸ்ரீரங்கனின் ஸ்கூட்டர் அங்கேயே நின்றது. யாரையும் கேட்கவில்லை. தோட்டத்துக் குழாயை அதன் டேங்கில் விட்டு வாயால் உறிஞ்சி, ஒரு வாய் பெட்ரோலைத் துப்பிவிட்டு, மீதியை ரம்பத்தில் இறக்கினான். ஸ்கூட்டர் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் இருக்கும். இந்த ரம்பமும் கேட்பது அதைத்தான். ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தார். மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அடுத்தது பிளக். கழற்றினால் பச்சையாகப் பூத்து ஈரமாக இருந்தது. உப்புத்தாளால் தேய்த்தான். வாட்ட வேண்டும். பழக்கத்தில் "அக்கா" என்று திரும்பிவிட்டான். அக்காவின் கரியும் அக்காவும் தெருமுனைத் தண்ணீரில் கிடந்தார்கள்.

"குடு இப்படி" என்றாள் விஜயலக்ஷ்மி. அந்த அழுக்குப் பிளக்கைச் சமையலறை இடுக்கியில் பிடித்து, கேஸ் அடுப்பில் வாட்டிக் கொண்டுவந்தாள். ரம்பத்தின் பல் சங்கிலிக்கு ஊற்ற எண்ணெய் இல்லை என்று அவன் சொல்வதற்குள் நல்லெண்ணெய்த் தூக்கையும் எடுத்து வந்து வைத்தாள்.

நாலாவது இழுப்பில் ரம்பம் உறுமியது. சுப்பராயன் அதைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் ஓடினான். தண்ணீர் இப்போது செண்பகத்தின் மார்புக்கு வந்திருந்தது. யாரோ ஒருவர் அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். ரம்பத்தின் பல் மரத்தில் பதிந்து, தூள் பறந்து, ஒரு சாண் உள்ளே போயிருக்கும். ரம்பம் இருமியது, இழுத்துக்கொண்டது, நின்றுவிட்டது.

மறுபடி இழுத்தான். கிளம்பி, ஒரு நிமிஷம் ஓடி, நின்றது. மறுபடியும் அப்படியே. பெட்ரோல் இருக்கிறது, பிளக்கில் பொறி இருக்கிறது, ஆனாலும் நிற்கிறது. செண்பகம் இப்போது கத்தவில்லை. அதுதான் அவனைக் கலங்கடித்தது.

ஏதோ தோன்றி டேங்க் மூடியைத் திருகினான். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மூடியைத் திருப்பிப் பார்த்தான். அதன் நடுவில் ஊசி நுழையும் அளவு ஒரு துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. அந்தத் துளையின் மேல்தான் ஆயுத பூஜைப் பொட்டு கல்லாய் இறுகிப் போயிருந்தது. தன் கண்ணால் பார்த்துவிட்டுச் சுண்டல் தின்றுகொண்டு வந்த அதே பொட்டு.

"ஊசி! எதாவது ஊசி குடுங்க!" என்று அலறினான்.

பின்னாலேயே தண்ணீரில் இறங்கி வந்திருந்த விஜயலக்ஷ்மி வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் குத்தினான், சுரண்டினான், வாயை வைத்து ஊதினான். காற்று இடுக்குகளில் இருந்த சந்தனத்தையும் விரல் நகத்தால் கீறி எறிந்தான். மூடியைத் திருகி, கயிற்றை இழுத்தான். இந்தத் தடவை ரம்பம் நிற்கவே இல்லை.

கிளையை இரண்டாக அறுத்துப் புரட்ட ஆனது நாலு நிமிஷம். ரம்பத்தைக் கிளப்ப ஆனது ஒரு மணி நேரத்துக்கு மேல்.

விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, கதவுப் பலகை ஒன்றில் அவளைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, "ரத்தம் ஓடாம ரொம்ப நேரம் ஆயிடுச்சே. ஒரு மணி நேரம் முன்னாடி எடுத்திருந்தா கையைக் காப்பாத்தியிருப்பேன்" என்றார். உயிர் பிழைத்தது. வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த கை அது.

இவ்வளவுக்குப் பிறகாவது புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கம் ஒரு பாராட்டு விழா வைத்தது. ஷாமியானா, நாற்காலி, மைக் எல்லாம் உண்டு. செண்பகத்தை முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தாள். மேடையில் மேஜை போட்டு, அதன் நடுவில் ரம்பத்தை வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு புது மாலை. புதுச் சந்தனம். டேங்க் மூடியில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு.

சுப்பராயன் மேடை ஏறியதும் கண்ணில் பட்டது அதுதான். பெங்களூரிலிருந்து வந்துவிட்ட தலைவர் அவன் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். கை தட்டினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவன் மைக் பக்கம் போகவில்லை. தோளில் இருந்த பொன்னாடையை உருவினான். மாலையைப் பிடுங்கிக் கீழே போட்டான். அந்தச் சரிகைப் பொன்னாடையால் ரம்பத்தின் சந்தனத்தை அழுத்தி அழுத்தித் துடைக்க ஆரம்பித்தான்.

"ஏம்ப்பா, என்ன இது? பொன்னாடையை…" என்று தலைவர் எழுந்தார்.

"குந்து சார்!" என்றான் சுப்பராயன். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. "இன்னும் இது புரியலியா உங்களுக்கு? இந்தப் பொட்டுதான் சார் அக்கா கைய எடுத்திச்சு! காத்துப் போற ஓட்டைய சந்தனத்த வெச்சு அடைச்சீங்க. திரும்பவும் அதே எடத்துல வெக்கிறீங்க! பூஜ பண்ணாதன்னு சொல்லல. நானும் பண்றவன்தான். பண்ணிட்டுத் தொடைக்கணும், வேல வாங்கணும். மெஷினுக்கு அதான் சார் மரியாத. ரெண்டு வருசம் பூட்டி வெச்சீங்களே, இத்த ஒரு திருடன் தூக்கிக்கினு பூட்டிருந்தாகூட எங்கியாவது மரம் அறுத்துக்கினு நல்லா ஓடிக்கினு இருந்திருக்கும். அவன் மேலு சார் உங்களுக்கு!"

சந்தனம் அப்பிய பொன்னாடையை அவன் மேஜையில் போட்டான்.

"எனக்கு எதுக்கு சார் இந்தத் துணி? நானும் அன்னிக்கு அந்தப் பொட்டப் பாத்தேன். வாயத் தொறந்திருந்தா ஒரு நிமிசத்துல போற விசயம். நமக்கு இன்னான்னு சுண்டல் துன்னுக்கினு பூட்டேன். என்னியப் பாராட்டாதீங்க. நானும் உங்க கூட்டுதான்."

கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தான். அந்த ஷாமியானாவுக்குள் ரம்பம் உறுமிய உறுமலில் முன் வரிசை நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. அரை நிமிஷம் ஓடவிட்டு அணைத்தான். புகை மட்டும் நின்றது.

ஸ்ரீரங்கன் எழுந்து வந்தார். இந்த மூன்று வாரத்தில் அவருக்குப் பத்து வயசு கூடியிருந்தது. செண்பகத்தின் முன்னால் போய் நின்று, மடியிலிருந்த பீரோ சாவியை எடுத்தார்.

"சர்க்கார்ல முப்பது வருஷம் ஒரு சாமானும் கெட்டுப் போகாமப் பாத்துண்டேன்னு பெருமைப்பட்டுண்டிருந்தேன்மா. எதையும் யாருக்கும் உபயோகப்பட விடாமத்தான் பாத்துண்டிருந்தேன்னு இப்பத்தான் உறைக்கறது. தப்பு என்மேலதான். இனிமே இந்தச் சாவி உன்கிட்டதான் இருக்கணும்" என்று நீட்டினார்.

செண்பகம் சாவியை வாங்கவில்லை. தலைப்பை விலக்கி, மூளியாய் இருந்த அந்தக் கையை அவர் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாவி எதுக்கு சார் எனக்கு? உங்ககிட்ட இருந்தா ஒரு பூட்டு, எங்கிட்ட இருந்தா ஒரு பூட்டா? அந்த பீரோவப் பழைய இரும்புக்குப் போடுங்க. மெஷின வாட்ச்மேன் ரூமுல மாட்டுங்க, மாசா மாசம் எல்லாரும் பாக்க ஓட வுடுங்க, எந்தத் தெருவுலேர்ந்து வந்து கேட்டாலும் குடுங்க. நாலு பேர் காசுல வாங்குனது நாலு பேருக்கு ஒதவணும் சார். ஒதவாமப் பூட்டி வெச்சா அது பத்திரம் இல்ல, பாவம்."